கறி ஏன் ரப்பராகிறது? பிரெஞ்சுக் குழம்புகளை வீட்டில் வைப்பது பற்றி

கேள்வி இதுதான்: "லியோனுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பஃப் பூர்கின்யோன், அதாவது சிவப்பு ஒயினில் வேகவைக்கிற மாட்டுக்கறிக் குழம்பு, இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறது, குழம்பு தண்ணீராக ஓடுகிறது, ஒயினின் புளிப்பு நாக்கிலேயே நிற்கிறது. எங்கே பிசகுகிறது? ஒயின் இல்லாமல் செய்யக்கூடிய பிரெஞ்சுக் குழம்புகள் ஏதாவது உண்டா?"

விடையில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன் என்கிறீர்கள். இந்தக் குழம்புகள் எதுவுமே கொதிக்கக் கூடாது. மீதிப் பாதி கறிக்கடையில் நடந்திருக்கும். கொழுப்பில்லாத, சவ்வில்லாத, நல்ல சிவப்பான துண்டாகப் பார்த்து, கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை என்று வாங்கியிருப்பீர்கள். பிரான்ஸின் பர்கண்டிப் பக்கம் ஒரு சிறிய உணவகத்தின் சமையலறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே நான் பார்த்த வரை, குழம்பு கெட்டுப்போன சமயங்களில் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருந்தது.

முதலில் கறி. கடையில் போய் 'பாலரோன்' என்று கேளுங்கள். மாட்டின் தோள்பட்டைப் பகுதி அது. குறுக்கே வெட்டினால் நடுவே வெள்ளையாக ஒரு சவ்வு ஓடுவது தெரியும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு 'இது எப்படி வேகும்' என்று தோன்றும். அந்தச் சவ்வுக்காகத்தான் அதை வாங்குகிறோம். அது கொலாஜன் என்ற புரதம். 60 டிகிரியைத் தாண்டினால் மெதுவாக இளகத் தொடங்கும். 80, 90 டிகிரியில் சில மணி நேரம் இருந்தால் ஜெலட்டினாக மாறிக் குழம்பில் கரையும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே, அதே பொருள்தான். குழம்புக்குக் கனத்தையும் பளபளப்பையும் கொடுப்பது அது. வெந்த நார்களுக்கு நடுவே ஈரம் இருப்பதுபோன்ற மென்மையைக் கொடுப்பதும் அதுதான். கொழுப்போ சவ்வோ இல்லாத தொடைக் கறியில் கரைவதற்கு எதுவும் இல்லை. வேக வேக நார் சுருங்கி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். இன்னும் ஒரு மணி நேரம் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து வைப்பீர்கள், இன்னும் வறண்டு போகும்.

பாலரோனோடு கொஞ்சம் 'ஜூ', அதாவது மாட்டின் கன்னத்தசை, சேர்த்தால் இன்னும் நல்லது. நாள் முழுக்க அசைபோட்ட தசை என்பதால் அதில் கொலாஜன் நிறைய. 'ஜீத்' என்கிற கால்பகுதிக் கறியும் ஒத்துவரும். ஒன்றரைக் கிலோ வாங்கினால் முக்கால் கிலோ பாலரோன், முக்கால் கிலோ கன்னத்தசை என்று கலந்து வாங்குவேன். துண்டுகள் பெரிதாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஐந்து சென்டிமீட்டராவது. நம் ஊர் மட்டன் குழம்புக்கு வெட்டுவதுபோலச் சின்னதாக வெட்டினால் மூன்று மணி நேரத்தில் நார் நாராகப் போய்விடும்.

அடுத்து தீ. பிரெஞ்சுச் சமையல்காரர்கள் 'ஃப்ரெமீர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நடுங்குதல் என்று அர்த்தம். குழம்பின் மேற்பரப்பு லேசாக நடுங்க வேண்டும், எங்கோ ஓரத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு குமிழி மெல்ல எழுந்து உடைய வேண்டும். அவ்வளவுதான். எங்கள் சமையலறையில் தலைமைச் சமையல்காரர் மூடியைத் திறக்கவே மாட்டார். அடுப்பைக் கடக்கும்போது சட்டியின் பக்கம் குனிந்து காதைக் கொடுப்பார். 'ப்ளுக்... ப்ளுக்...' என்று விட்டு விட்டுக் கேட்டால் பேசாமல் போவார். தளதளவென்று தொடர்ச்சியாகக் கேட்டால் தீயைக் குறைத்துவிட்டு, சட்டியின் பொறுப்பில் இருந்தவரை ஒரு பார்வை பார்ப்பார். வீட்டு அடுப்பில் அந்த அளவுக்குத் தீயைச் சின்னதாக வைப்பது கஷ்டம், மின்சார அடுப்பென்றால் இன்னும் கஷ்டம். அதனால் 'அவன்' (oven) அடுப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 150 டிகிரியில் மூடிய சட்டியை உள்ளே தள்ளுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே சூடு, அடிப்பிடிக்கிற பயம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள், கொதி அதிகம் தெரிந்தால் 140க்கு இறக்குங்கள்.

சட்டி கனமானதாக இருக்க வேண்டும். எனாமல் பூசிய வார்ப்பிரும்பு 'கோகோத்' சிறந்தது. புதிதாக வாங்கினால் விலை அதிகம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைகளில் அரைவிலைக்கும் கீழே கிடைக்கும். உள்ளே எனாமல் பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அலுமினியப் பாத்திரத்திலும் பூச்சில்லாத இரும்புச் சட்டியிலும் ஒயின் குழம்பு வைக்காதீர்கள். ஒயினின் அமிலம் உலோகத்தைக் கரைத்து, குழம்பில் ஒரு கசந்த உலோக ருசியை விட்டுவிடும். உங்கள் குழம்பின் ருசி பிசகியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்போது பஃப் பூர்கின்யோனை முதலிலிருந்து சொல்கிறேன்.

கறியை ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவைத்து, காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் கறி வறுபடாது, வேகத்தான் செய்யும். 200 கிராம் 'லார்தோன்', அதாவது உப்புப் போட்ட பன்றிக்கறித் துண்டுகளை, சட்டியில் போட்டு அதன் கொழுப்பு இறங்கும் வரை வறுத்துத் தனியே எடுத்துவையுங்கள். பன்றி சாப்பிடாதவர்கள் இதை விட்டுவிட்டு வெண்ணெயும் எண்ணெயும் சேர்த்துச் சூடாக்கிக்கொள்ளலாம். அந்தக் கொழுப்பில் கறித்துண்டுகளை நாலைந்தாகப் போடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சட்டி குளிர்ந்து, கறி தண்ணீர் விட்டு, சாம்பல் நிறத்தில் அவிந்துவிடும். போட்டதும் 'சுர்' என்ற சத்தம் வந்து, அது நிற்காமல் தொடர வேண்டும். முதலில் துண்டு சட்டியோடு ஒட்டிக்கொள்ளும், பிடுங்காதீர்கள். நன்றாகச் சிவந்ததும் தானாகவே விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு பக்கமும் தேக்கு மரத்தின் நிறத்துக்கு வர வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவசரப்படக் கூடாத இடம் இது.

எல்லாம் வறுத்து எடுத்தபின் சட்டியின் அடியைப் பாருங்கள். பழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். 'சுயிக்' என்பார்கள் இதை. குழம்பின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. அதன்மேலேயே நறுக்கிய இரண்டு வெங்காயம், வட்டமாக வெட்டிய இரண்டு கேரட், தட்டிய பூண்டு இரண்டு பல் போட்டு வதக்குங்கள். ஒரு கரண்டி தக்காளி விழுது. பிறகு கறியைத் திரும்பப் போட்டு இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவி, மாவின் பச்சை வாசனை போகும் வரை புரட்டுங்கள்.

இனி ஒயின், 750 மில்லி முழுப் புட்டி ஒன்று. உங்கள் புளிப்புப் பிரச்சினைக்கு முக்கியமான காரணம் இங்கே இருக்கிறது. பச்சை ஒயினை நேராகக் கறிமேல் ஊற்றி உடனே மூடியிருப்பீர்கள். அப்படிச் செய்யாமல், வேறொரு பாத்திரத்தில் ஒயினைக் கொதிக்கவிட்டு மூன்றில் ஒரு பங்கு சுண்டிய பிறகு சேருங்கள். குத்தும் சாராய நெடி போய்விடும், ருசியும் உருண்டு வரும். பர்கண்டியின் பினோ நுவார் திராட்சைதான் மரபு, ஆனால் விலை உயர்ந்த புட்டியைச் சட்டியில் ஊற்றுவது வீண். லியோனில் இருக்கிறீர்கள், பக்கத்திலேயே பொழோலே கிடைக்கும், கோத் து ரோனும் கிடைக்கும். குடித்தால் நன்றாக இருக்கிற சாதாரண ஒயின் எதுவானாலும் சரி. ஊற்றியதும் மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி அந்தப் படலத்தைக் கரையுங்கள்.

கறி மூழ்கும் அளவுக்கு எலும்பு ரசம், சுமார் 300 மில்லி. பார்ஸ்லித் தண்டு, இரண்டு கொத்து தைம், ஒரு 'லோரியே' இலை மூன்றையும் வெங்காயத்தாள் போன்ற லீக்கின் பச்சைத் தோகையில் சுற்றி நூலால் கட்டிப் போடுங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பிரிஞ்சி இலையைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு மரம், பட்டை வாசனை அடிக்கும். மிளகு கொஞ்சம். உப்பைக் குறைத்தே போடுங்கள். குழம்பு சுண்டும், லார்தோனிலும் உப்பு இருக்கிறது. மூடி, அவனில் மூன்று மணி நேரம்.

அது வேகும் நேரத்தில் அலங்காரத்தைத் தனியாகச் செய்துகொள்ள வேண்டும். இருபது சின்ன வெங்காயத்தை உரித்து, பாதி மூழ்கத் தண்ணீர், 20 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, தண்ணீர் வற்றி வெங்காயம் பளபளவென்று சிவக்கும் வரை வையுங்கள். 250 கிராம் பட்டன் காளானை அதிகத் தீயில் வெண்ணெயில் வதக்குங்கள். இவற்றையும் எடுத்துவைத்த லார்தோனையும் கடைசிக் கால் மணி நேரத்தில்தான் குழம்பில் சேர்க்க வேண்டும். ஆரம்பத்திலேயே போட்டால் வெங்காயம் கரைந்துவிடும், காளான் ரப்பராகிவிடும்.

கரண்டியால் அழுத்தினால் கறி பிளக்க வேண்டும். குழம்பு இன்னும் தண்ணீராக இருந்தால் கறியை எடுத்துவைத்துவிட்டு, மூடாமல் சுண்டவிடுங்கள். கரண்டியின் முதுகில் பூசினாற்போல நின்றால் போதும். புளிப்பு இன்னும் தெரிந்தால் கறுப்புச் சாக்லேட் ஒரு சதுரம் போடலாம். இங்கே பல வீடுகளில் செய்கிற வேலைதான் அது, சாக்லேட் ருசி தெரியாது. அப்புறம், முடிந்தால் அன்றைக்கே சாப்பிடாதீர்கள். ஆறவைத்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்திருக்கும், வேண்டிய அளவு எடுத்துவிடலாம். நம் வீடுகளில் மீன்குழம்பை மறுநாள் சாப்பிடுகிற சுகம் இதிலும் உண்டு. அவித்த உருளைக்கிழங்கோ அகல நூடுல்ஸோ தொட்டுக்கொள்ளலாம்.

குக்கரில் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாக. 'கோகோத் மினுயித்' என்று 1953-இல் பிரெஞ்சு வீடுகளுக்குள் வந்த பிரஷர் குக்கரே பர்கண்டியின் செலோஞ்சே ஊரில் தயாரானதுதான். வேலைக்குப் போகும் பெண்கள் அன்றிலிருந்து அதில் வைக்கிறார்கள். ஐம்பது நிமிடத்தில் கறி வெந்துவிடும். ஆனால் நீர் ஆவியாகாது, அதனால் ரசத்தைப் பாதியாகக் குறைத்து, திறந்த பிறகு இருபது நிமிடம் சுண்டவிட வேண்டும்.

ஒயின் விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சமைத்தால் சாராயம் முழுக்கப் போய்விடும் என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, அரை மணி நேரம் வெந்தால் 35 சதவீதம் தங்குகிறது, இரண்டரை மணி நேரம் வெந்தாலும் 5 சதவீதம் தங்குகிறது. மதத்தாலோ மருந்தாலோ மதுவை முழுக்கத் தவிர்ப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லித்தான் பரிமாற வேண்டும். அவர்களுக்காக ஒயினைத் திராட்சைச் சாறால் மாற்ற வேண்டாம், இனித்துத் தொலைக்கும். ஒயினே தேவைப்படாத குழம்பாகச் செய்யுங்கள்.

அதில் முதலாவது போத்தோஃபே. எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது இதுதான். பெயருக்கே 'தீமேல் சட்டி' என்றுதான் அர்த்தம். வறுப்பதில்லை, மாவு இல்லை, தண்ணீரும் கறியும் காய்கறியும் மட்டும். மூன்று வகைக் கறி வேண்டும்: நார்க்கறியாகப் பாலரோன், பிசுபிசுப்புக்கு 'ஜாரே' என்ற முன்னங்கால், கொழுப்புக்கு விலாப்பகுதியான 'ப்ளா த கோத்'. ஆளுக்கு 300 கிராம் கணக்கு. பச்சைத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றினால் கறியின் சாரம் ரசத்தில் இறங்கும். கொதிக்கும் நீரில் போட்டால் சாரம் கறியிலேயே கொஞ்சம் கூடுதலாகத் தங்கும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். நான் பச்சைத் தண்ணீர்க் கட்சி, எனக்கு ரசம்தான் முக்கியம். முதல் இருபது நிமிடம் சாம்பல் நிற நுரை வரும். பக்கத்திலேயே நின்று கரண்டியால் எடுத்துக்கொண்டே இருங்கள். நுரை நின்றபின் கல்லுப்பு, மிளகு, இரண்டு கிராம்பு குத்திய ஒரு வெங்காயம், தைம் லோரியே கட்டு. இரண்டரை மணி நேரம் நடுங்கும் தீயில் இருக்கட்டும். கேரட், டர்னிப், லீக் இவற்றைக் கடைசி முக்கால் மணி நேரத்தில் போடுங்கள். உருளைக்கிழங்கைத் தனியே அவியுங்கள், அது ரசத்தைக் கலக்கிவிடும். மஜ்ஜை எலும்பின் இரு முனையிலும் உப்பைத் தேய்த்து, கடைசி இருபது நிமிடம்.

பரிமாறுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் வடிகட்டிய ரசம், கிண்ணத்தில் சுடச்சுட. கூடவே சுட்ட ரொட்டி, அதன்மேல் மஜ்ஜையைத் தட்டி எடுத்துத் தடவி நாலு கல் உப்பு. அப்புறம் கறியும் காயும், காரமான தீஜோன் கடுகு விழுதோடும் குட்டி வெள்ளரி ஊறுகாயோடும். 1855-இல் பாரிஸில் த்யுவால் என்ற கசாப்புக்காரர், நல்ல துண்டுகள் விற்றபின் தேங்கிய கறியை இப்படி ரசத்தோடு வேகவைத்து, சந்தைத் தொழிலாளிகளுக்குக் குறைந்த விலையில் பரிமாறக் கடை போட்டார். 'புய்யோன்' என்று இன்றும் பாரிஸில் இருக்கிற மலிவான உணவகங்களுக்கு அங்கிருந்துதான் தொடக்கம். மிஞ்சிய கறியை உதிர்த்து, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி அவனில் வைத்தால் மறுநாள் சாப்பாடும் முடிந்தது.

மாட்டுக்கறியும் வேண்டாம், ஒயினும் வேண்டாம் என்றால் நவரான். ஆட்டின் தோள்பட்டையையும் கழுத்தையும் வறுத்து, மாவு தூவி, தக்காளி விழுதும் ரசமும் விட்டு ஒன்றேகால் மணி நேரம். வசந்தகாலத்தில் குட்டி டர்னிப், இளங்கேரட், புதுப் பட்டாணி என்று சந்தையில் வருவதையெல்லாம் அதில் போடுவார்கள். நம் நாக்குக்கு மிக அருகில் வருவது இதுதான். மசாலா ஏதாவது சேர்க்கத் தோன்றும், ஒரு தடவை சேர்க்காமல் செய்து பாருங்கள்.

ப்ளாங்கெத் இதற்கு நேர் எதிர்த்திசை. கன்றுக்கறியை வறுக்கவே மாட்டார்கள், எல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெந்த ரசத்தை வெண்ணெய் மாவில் கட்டியாக்கி, கடைசியில் இரண்டு முட்டை மஞ்சள் கருவும் கிரீமும் அடித்துச் சேர்ப்பார்கள். அதன்பிறகு ஒரு கொதி வந்தாலும் திரிந்துவிடும். சோற்றோடு சாப்பிடுகிற பிரெஞ்சுக் குழம்பு இது என்பதால் நம்மவர் குழந்தைகளுக்கு உடனே பிடிக்கும்.

ஒயின் சேர்க்கிற குழம்புக்கே திரும்பினால், தெற்கே ப்ரொவான்ஸில் 'தோப்'. ஆரஞ்சுத் தோல் ஒரு சுருள், பூண்டு, ஒயினில் ஓர் இரவு ஊறிய கறி. வயிறு பெருத்து வாய் குறுகிய மண்சட்டியில் வைப்பார்கள். மிஞ்சியதை நீஸ் நகரத்தில் ரவியோலி என்ற மாவுப் பொதிக்குள் வைத்து மடிப்பது வழக்கம்.

கசூலே பற்றிக் கட்டாயம் யாராவது உங்களிடம் சொல்வார்கள். வெள்ளை பீன்ஸ், பன்றித்தோல், தொத்திறைச்சி, கொழுப்பிலேயே வேகவைத்துப் பதப்படுத்திய வாத்துக்கால், எல்லாம் சேர்ந்து மண்சட்டியில் மணிக்கணக்காக வேகும். அந்தச் சட்டிக்கு 'கசோல்' என்று பெயர், உணவின் பெயரே அதிலிருந்து வந்தது. காஸ்தெல்நோதாரி, கார்க்கசோன், துலூஸ் மூன்று ஊரும் அது எங்களுடையது என்று சொந்தம் கொண்டாடும். கார்க்கசோனில் பிறந்த சமையல் மேதை ப்ரோஸ்பேர் மோந்தாஞே, காஸ்தெல்நோதாரியுடையது பிதா, கார்க்கசோனுடையது சுதன், துலூஸுடையது பரிசுத்த ஆவி என்று சமாதானம் செய்துவைத்தார். இங்கிலாந்தோடு நடந்த, கொலம்பஸுக்கு முந்தைய நூறாண்டுப் போரின்போது முற்றுகையில் சிக்கிய ஊர்க்காரர்கள் இருப்பதையெல்லாம் ஒரே சட்டியில் போட்டதால் பிறந்தது என்று கதை சொல்வார்கள். இப்போது அதில் போடுகிற பீன்ஸோ கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தது. அதற்கு முன் அங்கே போட்டிருந்தால் அது வேறு அவரையாகத்தான் இருந்திருக்கும். வேகும்போது மேலே படியும் பொருக்கை உடைத்து உள்ளே அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஏழு முறை என்பது ஐதீகம். இரண்டு நாள் வேலை. முதல் குளிர்காலத்தில் முயலாதீர்கள், துலூஸ் பக்கம் போனால் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

உங்கள் இடத்தில் நானிருந்தால், இரண்டு தோல்விக்குப் பிறகு உடனே பூர்கின்யோனுக்குப் போக மாட்டேன். வடக்கே பெல்ஜிய எல்லையை ஒட்டிச் செய்கிற கார்போனாத் வைப்பேன். ஒயினுக்குப் பதில் பழுப்பு பியர், அதனால் அந்தக் கூர்மையான புளிப்புக்கு இடமில்லை. ஒரு கிலோ பாலரோன், அரைக் கிலோ வெங்காயம், அரை லிட்டர் பியர், ஒரு கரண்டி பழுப்புச் சர்க்கரை. கறியை மேலே சொன்னபடி வறுத்து, வெங்காயத்தை அரைமணி நேரம் பொன்னிறமாக வதக்கி, பியரை ஊற்றுங்கள். 'பான் தெபீஸ்' என்ற தேன் மசாலா ரொட்டி இரண்டு துண்டில் தீஜோன் கடுகைத் தடவி, கடுகுப் பக்கம் கீழே இருக்கும்படி குழம்பின்மேல் வைத்து மூடிவிடுங்கள். வேக வேக ரொட்டி கரைந்து அதுவே குழம்பைக் கட்டியாக்கும், மாவு தேவையில்லை. மூன்று மணி நேரத்தில், ஓரத்தில் இருந்து ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். இன்னும் எதிர்த்தால் மூடிவிட்டு அரைமணி நேரம் கழித்துத் திரும்ப வாருங்கள்.